முந்நீர் கடந்த இருவர்

தொல்காப்பியத்தின் அகத்திணையியலில் ஒரு சிறு நூற்பா உண்டு. கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்வதில்லை என்பது அதன் கருத்து. ஒரே அடியில் முடிந்துவிடுவதால் பாடம் நடத்துவோர் பலரும் அதனை நின்று நோக்காமல் கடந்துவிடுவர். பொருள்தேடிக் காடும் மலையும் தாண்டிச் செல்லும் தலைவன் தலைவியை மனையில் விட்டுச் செல்கிறான். அவள் பிரிவாற்றாது மெலிகிறாள். நம் அகப்பாட்டுகளில் ஒரு பெரும்பகுதி அந்த மெலிவிலிருந்தே பிறந்தது. உடன்போக்கிலோ பெண்ணும் உடன் செல்கிறாள். பாலை நிலத்தின் வெம்மையையும் ஆறலைகள்வர் அச்சத்தையும் காதலனோடு சேர்ந்து கடக்கிறாள். நிலத்தின்மேல் அவளுக்கு இத்துணைத் துணிவைக் கொடுத்த புலவர் மரபு, நீரின்மேல் மட்டும் அவளை ஏற்றவில்லை.

ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், மலாக்கா நகரில் நாங்கள் சிலர் கூடி நடத்திய மாலை வகுப்பில்தான் இந்நூற்பாவை முதன்முதலில் கேட்டேன். கேட்ட அளவில் என் நினைவுக்கு வந்தவர் தலைவியும் அல்லர், செவிலியும் அல்லர், என் அப்பாயி. தந்தையின் தாயை அப்பாயி என்றழைப்பது எங்கள் குடும்பம் துறையூர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வழக்கு. அவர் எழுத்தறியாதவர். தமக்கு எதிராக இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு விதி இருந்ததென்பதை அறியாமல், 1927ஆம் ஆண்டில் தம் கணவரோடு கப்பலேறி வந்து, ஜாசின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் ஐம்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்து மறைந்தவர்.

அந்தப் பயணத்தின் முதல் நாள்களை அப்பாயி பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். வியப்பு என்னவென்றால், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில், அதே வரிசையில் சொல்வார். பாட்டிமார் கதை வளரும், தேயும். இவர் கதை மட்டும் மனப்பாடச் செய்யுள்போல நின்றது. காரணத்தைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். விடுதலைக்குப் பின் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது அவரிடம் ஒரு தாளும் இல்லை. பிறப்புப் பத்திரம் இல்லை. திருமணப் பத்திரம் இல்லை. அழைத்துவந்த கங்காணியும் உயிரோடு இல்லை. எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை நாள், யாரோடு வந்தாய் என்று அதிகாரி கேட்ட கேள்விகளுக்கு அவர் வாய்மொழியே சான்று. ஒரு முறை சொன்னதை மறுமுறை மாற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும் என்று அஞ்சியே அந்த நாள்களை அவர் இறுக முடிந்து வைத்துக்கொண்டார். மூன்றாம் முறை சொன்னபோது நீல அடையாள அட்டைக்கு வழி பிறந்தது. அவரோடு ஒரே லயத்தில் இருந்த பலருக்குச் சிவப்பு அட்டையே கடைசிவரை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்குப் பிறகு, பணி அனுமதியின்றி வாழ வழியற்றுப் பல்லாயிரவர் வந்த வழியே கப்பலேறித் திரும்பினர்.

இனி அந்த நாள்களுக்கு வருவோம்.

அப்பாயிக்கு அப்போது பதினாறோ பதினேழோ. மணமாகி எட்டு மாதம். கணவர் அவருக்கு அத்தை மகன். காவிரி ஊரைத் தொடாத மேட்டு நிலத்தில் வானத்தை நம்பிய உழவு. வெள்ளிச் சங்கிலியும் கோட்டுமாக வந்திறங்கிய கங்காணி, அரச மரத்தடியில் உட்கார்ந்து பினாங்கைப் பற்றிப் பேசினார். அக்காலத்து நம் சிற்றூர்களில் மலாயா முழுமைக்கும் பினாங்கு என்பதே பெயர். ரப்பர் விலை ஏறியிருந்த நேரம் அது. 1926ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் தென்னிந்தியாவிலிருந்து ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மலாயாவில் வந்திறங்கினர் என்பதை நினைத்தால், அரச மரங்கள் எத்தனையின் அடியில் அந்தப் பேச்சு நடந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

தாத்தா போவதென்று முடிவாயிற்று. பெண்ணை ஊரில் விட்டுவிட்டு அவன் மட்டும் போகட்டும், மூன்றாண்டில் பணத்தோடு வருவான் என்றார் மாமியார். தொல்காப்பியர் விதியை அந்த அம்மையாரும் கற்றவரல்லர்; ஆயினும் அதைத்தான் சொன்னார். அப்பாயி அதுவரை மாமியார் எதிரில் வாய் திறந்தவரல்லர்.

“எதிர்வீட்டு அக்காவைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்டா. பதினோரு வருசம் தாலியைக் கண்ணுல ஒத்திக்கிட்டே கெடந்தா. காயிதம் வரும், ஆளு வரல. நான் சொன்னேன்: கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க அத்தை, இல்லேன்னா கெணத்தைக் காட்டுங்கன்னு.”

கிணற்றைக் காட்டும் துணிவு எவருக்கும் இல்லை. கங்காணியோ மகிழ்ந்தார். அதற்குக் கணக்கு ஒன்றும் இருந்தது. வேலைக்கு வரும் ஒவ்வோர் ஆளுக்கும் நாள்தோறும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கணவனோடு மனைவியும் வந்தால் இரண்டு தலை. தோட்டத் துரைமாருக்கும் அதில் ஆதாயம் இருந்தது. குடும்பமாக வந்தவன் எளிதில் ஓடிப்போக மாட்டான். ஆக, அப்பாயி கப்பலேறியது அவர் பிடிவாதத்தால் என்று அவர் நம்பினார். தோட்டக் கணக்கோ அந்தப் பிடிவாதத்தை ஏற்கெனவே எதிர்பார்த்துக் காத்திருந்தது. கிராம முன்சீப்பிடம் கங்காணி கையொப்பம் வாங்கினார். இருவரும் மாட்டுவண்டி ஏறினர். வாழ்வில் முதன்முறையாக ரயிலும் ஏறினர்.

நாகப்பட்டினத்தில் குடியேற்ற முகாம். எல்லாரும் அதை டிப்போ என்றே வழங்கினர். அங்கே அம்மைப்பால் குத்தினார்கள். மருத்துவர் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். நாகையின் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல் எட்ட நிற்கும். படகில் ஏறிப் போய்த்தான் அதனைச் சேர வேண்டும். எட்டத்தே நின்றது ‘ரஜூலா’. 1926இல் கட்டப்பட்டு, ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகைக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய அந்தக் கப்பலின் பெயரைக் கேட்டுத் தலை நிமிராத முதியவர் எங்கள் தோட்டங்களில் இருந்ததில்லை. மேல்தட்டுப் பயணிகளாக ஐயாயிரம் பேர்வரை அதில் ஏற்றலாம்.

இங்கு ஒன்றைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கப்பற்படை செலுத்திக் கடாரம் கொண்டதை நம் மேடைகளில் முழங்காத விழா இல்லை. அதே சோழக் கடற்கரையின் நாகையில், பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஆடும் படகிலிருந்து கயிற்றைப் பற்றிக் கப்பலில் கால் வைத்ததைச் சொல்ல எந்த மேடையும் அமைந்ததில்லை. படை போயிற்று, திரும்பியது. அவள் போனாள், திரும்பவில்லை.

படகில் உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே அப்பாயி, “இன்னும் எம்புட்டுத் தூரம் மாமா?” என்று கேட்டாராம். சிலப்பதிகாரம் கற்றோர் இதைக் கேட்டுப் புன்னகை செய்வர். புகாரின் எல்லையை விட்டுச் சிறிது தொலைவு நடந்ததுமே கண்ணகி, மதுரை எங்கே உள்ளது என்று கோவலனைக் கேட்கிறாள். கோவலனுக்காவது விடை தெரியும். தாத்தாவுக்குத் தெரியாது. “கங்காணிக்குத்தான் தெரியும் புள்ள” என்றாராம்.

கடலில் கழிந்த ஐந்தாறு நாள்களைப் பற்றி அப்பாயி மிகக் குறைவாகவே சொல்வார். கூட்டம், எண்ணெய் நாற்றம், வாந்தி, பருப்புச் சோறு, கருவாடு. தாத்தாவுக்குத் தலை தூக்க முடியவில்லை. அப்பாயிக்கு ஒன்றும் செய்யவில்லை. கணவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு மூன்று பகல் உட்கார்ந்திருந்தார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழ்ந்துவிடும். கூட்டுக் குடும்பத்தில் எட்டு மாதம் வாழ்ந்தும் இருவரும் பகலில் நேர்நின்று பேசியதில்லை. மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் என்று கண்கள் சூழ்ந்த வீடு. ஆயிரக்கணக்கானோர் நடுவில், முன்பின் அறியாத முகங்களுக்கிடையே, அப்பாயி கணவர் முகத்தை முதன்முதலில் பகல் வெளிச்சத்தில் பார்த்தார். இடப் புருவத்தில் ஒரு தழும்பு இருந்ததைக் கப்பலில்தான் கண்டாராம்.

பினாங்கைக் கண்ணால் பார்த்ததோடு சரி. இவர்களை இறக்கியது போர்ட் சுவெட்டன்ஹாமில். இன்று அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்று பெயர். அங்கே தொற்றுத் தடுப்பு முகாமில் சில நாள். ஆடைகளை வாங்கி ஆவியில் வேக வைத்துத் தந்தனர். ஆணை ஒரு வரிசையில், பெண்ணை ஒரு வரிசையில் எண்ணினர். பிறகு ரயில், தம்பினில் இறங்கி, மலாக்காவுக்குச் செல்லும் கிளைப்பாதையில் வேறு வண்டி. 1905இல் திறக்கப்பட்ட அந்தக் கிளைப்பாதையை இன்று தேடினால் கிடைக்காது. சப்பானியர் ஆட்சியில் அதன் தண்டவாளங்களைப் பெயர்த்துச் சயாம்–பர்மா மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். இத்தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ் ஆடவரும் அந்தத் தண்டவாளங்களோடு போனார்கள் என்பது தனியே எழுத வேண்டிய கதை.

மலாக்கா நகரில் அவர்கள் தங்கியது அரை நாள். அந்த அரை நாளைச் சொல்ல அப்பாயிக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

கொண்டுவந்த ஆள்களோடு முதலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது அந்தக் கங்காணியின் வழக்கம். பொற்கொல்லர் தெருவுக்கு அவர்களை நடத்திச் சென்றார். கம்போங் கிலிங் பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அடுத்தடுத்து நிற்கும் அந்தத் தெருவில், பொய்யாத விநாயகர் ஆலயம் 1781ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. டச்சுக்காரர் ஆட்சியில் தெய்வநாயகம் செட்டி என்னும் தலைவருக்குக் கிடைத்த நிலத்தில் எழுந்த கோயில் அது. அத்தனை நாளும் அந்நிய முகங்களையே கண்டு வந்த அப்பாயிக்கு, திருநீறும் மணியோசையும் கற்பூர வாடையும் சேர்ந்து தொண்டையை அடைத்தன. அங்கே ஒரு பெண்மணி விளக்கேற்றிக்கொண்டிருந்தார். நம் நிறம், நம் கண், நெற்றியில் நீறு. இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை. உடை எப்படியிருந்தால் என்ன, முகம் நம் முகமல்லவா என்று அப்பாயி ஓடிப்போய், “அக்கா, நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார்.

அந்த அம்மையார் அன்போடு பார்த்தார். ஆனால் விடை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, “பாரு சம்பாய்?” என்றார். இப்போதுதான் வந்தீர்களா என்பது அதன் பொருள். அப்பாயி அந்த இரண்டு சொற்களின் ஓசையை மட்டும் மனத்தில் வைத்திருந்து, ஓராண்டுக்குப் பின் பொருள் அறிந்துகொண்டார். அன்று புரிந்தது ஒன்றே: இவர் நம்மவர், இவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மையார் உள்ளே போய் இரண்டு வாழைப்பழமும் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பாயி தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதார். தாகத்துக்குக் குடித்தவள் எதற்கு அழுகிறாள் என்று தாத்தாவுக்கு விளங்கவில்லை.

அவர் மலாக்காச் செட்டி மரபினர். இங்குள்ள மாணவர்க்கு அவர்களைத் தெரியும். வெளியூர் வாசகர்க்காகச் சிறிது சொல்கிறேன். மலாக்காச் சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்து குடியேறிய இந்து வணிகரின் வழியினர் அவர்கள். 1511இல் போர்ச்சுக்கீசியர் வந்தபோது, நைனா சட்டு என்று அவர்கள் எழுதிவைத்த பெருவணிகர் இங்கு செல்வாக்கோடு இருந்தார். 1641இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறின. காஜா பெராங் பகுதியில் அவர்களின் குடியிருப்பு இன்றும் உள்ளது. சைவ வழிபாட்டையும் பொங்கலையும் முன்னோர் படையலையும் வழுவாது காத்துவரும் மக்கள். பேசும் மொழி மட்டும், தமிழ்ச் சொற்கள் சில விரவிய மலாய்.

ஏன் இவ்வாறாயிற்று? நம் மேடைகளில் இதற்கு எளிய விடை ஒன்று வைத்திருக்கிறார்கள்: மொழிப்பற்றில்லை என்று. அது அவர்களுக்குச் செய்யும் அநீதி. மூன்று ஆட்சிகளுக்கு நடுவே, கோயிலையும் நோன்பையும் ஐந்நூறு ஆண்டு காத்தவர்களுக்குப் பற்றில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. அவர்களின் முன்னோர் தொல்காப்பியர் சொன்னபடியே வந்தார்கள் என்பதே உண்மை. பருவக் காற்றோடு வந்த வணிகக் கப்பலில் ஆடவர் மட்டுமே இருந்தனர். தங்கிவிட்டவர்கள் இவ்வூர்ப் பெண்களை மணந்தார்கள். தந்தை கடையில் தமிழ் பேசினார். தாய் தொட்டிலருகில் மலாய் பேசினார். பிள்ளைகள் எந்த மொழியில் கனவு கண்டிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தந்தையின் கடவுள் தங்கினார். தாயின் மொழி தங்கிற்று.

லாரியில் ஏறியதும் அப்பாயி கணவரிடம் கேட்டது இது: “நம்ம புள்ளைங்களும் இப்படி ஆயிருமா மாமா?” பிள்ளை பிறக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது.

தோட்டத்தை அடைந்தபோது இருட்டிவிட்டது. கித்தாக் காட்டின் இருட்டு ஊர் இருட்டைப் போன்றதன்று, வானமே தெரியாது. லயத்தில் ஓர் அறை. அதுவும் முழுமையாக இல்லை. நடுவில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, மறுபுறம் வேறொரு கணவன் மனைவி. மண்ணெண்ணெய் விளக்கு, ஒரு சட்டி, அரிசி, உப்பு, கருவாடு ஆகியவற்றைக் கடையில் பற்று எழுதிக் கொடுத்தார்கள். கப்பல் கட்டணம் முதலாளிமாரிடம் வரி வாங்கிச் சேர்த்த குடியேற்ற நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. அந்நிதி 1907 முதல் இருந்தது. தொழிலாளி அதைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடைப்பற்று முதல் இரவிலேயே தொடங்கிவிட்டது.

விடியுமுன் தண்டவாளத் துண்டில் மணி அடித்தது. பிரட்டுக்களத்தில் விளக்கு வெளிச்சத்தில் வரிசையாக நின்றனர். மருந்துக்காரர் ஒவ்வொருவர் வாயிலும் கொயினா ஊற்றினார். கிராணி பெயரேட்டைத் திறந்தார். தாத்தா பெயரைக் கேட்டு எழுதினார். அப்பாயி தம் முறைக்காகக் காத்திராமல், தாத்தாவைக் காட்டி, “இவுங்க வீட்டுக்காரி” என்றாராம். கிராணி தலைநிமிராமல், “அதெல்லாம் வேண்டாம், உன் பேரு?” என்றார். கணவர் பெயர் ஆண்கள் பக்கத்தில். மனைவி பெயர் பெண்கள் பக்கத்தில். இரண்டு எண், இரண்டு கூலி. அன்று ஆணுக்கு ஐம்பது காசு, பெண்ணுக்கு நாற்பது காசு என்ற அளவில் நாட்கூலி இருந்தது. இவர்கள் இருவரும் கணவன் மனைவி என்பதற்கு அந்தப் பெயரேட்டில் ஓர் அடையாளமும் இல்லை. பிற்காலத்தில் அதிகாரி கேட்டபோது எந்தத் தாளும் இல்லாமற் போனதற்கு இதுவே தொடக்கம்.

ஆனால் அப்பாயி இதை ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. “என் பேரை மொத மொதல்ல எழுதினது அந்தக் கிராணிதான்டா” என்பார். ஊரில் அவர் பெயர் எங்கும் எழுதப்பட்டதில்லை. சம்பள நாளில் அவர் கையில் வந்த காசு, அவர் பெயரைச் சொல்லி அழைத்துக் கொடுத்த காசு. பத்துக் காசு குறைவு என்பதை அவரும் அறிவார். புல் வெட்டும்போது அட்டை ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு காட்டவில்லை. கூலி மட்டுமே காட்டியது என்று சொல்லிச் சிரிப்பார்.

முதல் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, கோணித் திரைக்கு அப்பாலிருந்த பெண் தம் குழந்தையைத் தாலாட்டுவதை அப்பாயி கேட்டார். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். ராகம் வேறு, உறவுமுறைப் பெயர்கள் வேறு. ஆனால் சொல் எல்லாம் விளங்கிற்று. திரையை விலக்கி, “இன்னொருக்கா பாடுங்க” என்று கேட்டாராம். மலாக்கா நகரில் அழுத அழுகைக்கு அன்றுதான் மருந்து கிடைத்தது என்பார். லாரியில் தாம் கேட்ட கேள்விக்கு விடையும் அதுவே என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். எங்கள் தந்தை 1929இல் பிறந்தபோது அந்தத் தாலாட்டைத்தான் பாடினார். துறையூர்த் தாலாட்டு எதுவும் எங்கள் குடும்பத்தில் இல்லை. இருப்பது புதுக்கோட்டைத் தாலாட்டு.

இதைத்தான் நான் மாணவர்க்குச் சொல்ல விரும்புகிறேன். இந்நாட்டில் தமிழ் நிலைத்த வரலாற்றை எழுதுவோர் இதழ்களையும் சங்கங்களையும் தலைவர்களையும் எழுதுகின்றனர். எழுத வேண்டியவையே. பள்ளிகளையும் எழுதுகின்றனர், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று அக்காலத் தொழிலாளர் சட்டங்கள் விதித்தன. ஆனால் பத்துப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தனர்? 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியரிடையே ஆயிரம் ஆடவர்க்கு நானூறு பெண்டிர் என்ற அளவே இருந்தது. 1947இல் அது அறுநூறைக் கடந்தது. அந்த ஏற்றத்தில் ஒருத்தி என் அப்பாயி. எண்ணிக்கையும் சட்டமும் தோட்டத்தின் தனிமையும் சேர்ந்தே மொழியைக் காத்தன என்பதை மறுக்கவில்லை. லயத்துத் தனிமை மொழியைக் காத்தது; மனிதரை முன்னேற விடாமல் முடக்கவும் செய்தது. அது வேறு வழக்கு. எனினும், கிணற்றைக் காட்டச் சொன்ன பெண்கள் அந்தப் படகில் ஏறாமல் இருந்திருந்தால், எங்கள் ஆடவரும் இங்கே மணந்து, நாங்களும் இன்று திருநீறணிந்து மலாயில் வழிபட்டிருப்போம். மலாக்காவின் முதல் ரப்பர்த் தோட்டத்தை 1896இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கிய தான் சாய் யான் ஒரு சீனர். அவர் குடும்பமும் அவ்வாறே மலாய் பேசிய பாபா மரபைச் சேர்ந்தது. தனியே வந்த ஆடவரின் வழியில் அது இயல்பாக நிகழ்வது, எவர்க்கும் இழிவன்று.

வந்த மூன்று ஆண்டுகளில் உலக மந்தம் சூழ்ந்தது. ரப்பர் விலை வீழ்ந்து, 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு திருப்பி அனுப்பியது. தாத்தாவின் பெயரும் அந்தப் பட்டியலில் வந்தது. பெண்கள் பக்கத்தில் இருந்த பெயர் வரவில்லை. இரண்டு எண்ணாக எழுதியதால், இரண்டு பேராகவே தீர்ப்பும் வந்தது. அப்பாயி கிராணியிடம் போய், ஒன்று இரண்டு பேரையும் அனுப்பு, அல்லது இரண்டு பேரையும் வை என்று நின்றார். அரைக் கூலிக்கு இருவரும் இருக்கலாம் என்றார்கள். இருந்தார்கள். 1938இல் இந்திய அரசு, உதவி பெற்று வரும் கூலிக் குடியேற்றத்தை நிறுத்தியது. அதன்பின் அப்பாயியைப் போன்றோரின் வருகை முடிந்தது, வந்தவர்கள் வந்தவர்களே.

இன்று அந்தத் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இருந்த மேட்டில் வீடமைப்புத் திட்டம் எழுந்தது. மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் சில, தோட்டம் போன பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. பிள்ளைகள் வேன்களில் வருகிறார்கள்.

வாழைப்பழம் கொடுத்த அம்மையாரைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். மாசி மகத்தன்று பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து இரதம் செங் சன்னாசிமலைக்குப் புறப்படும். அந்தத் திருநாளுக்குத் தோட்டங்களிலிருந்து எல்லாரும் நகருக்குப் போவது வழக்கம். வந்த மறு ஆண்டு அப்பாயி அங்கே அவரைக் கண்டுகொண்டார். அதன்பின் ஆண்டுதோறும் சந்திப்பு. அப்பாயியின் மலாய் தோட்டத்துச் சந்தை மலாய். அம்மையாரின் மலாய் வேறு வகை. இருவருக்கும் பாதி புரியும். சிறுவனாக நான் உடன் சென்ற ஓர் ஆண்டில் இருவரும் முதியவர்களாகிவிட்டனர். கோயில் படியில் உட்கார்ந்து, வாயிலின் மேல் தமிழில் எழுதியிருந்த பெயரை அம்மையார் கையால் காட்டி, ‘விநாயகர்’ தெரியும், சிறு வயதிலிருந்து சொல்லி வருகிறோம், முன்னால் இருக்கும் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டார். அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. என்னைப் படிக்கச் சொன்னார். “பொய்யாத” என்று படித்தேன். அப்பாயி சிறிது நேரம் மலாய்ச் சொல் தேடினார். பிறகு, “தாக் போஹோங்” என்றார். பொய் சொல்லாதவர். அம்மையார் அதைத் தமக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, அப்பாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, தமிழில் அந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது என்று என்னிடம் மறுபடியும் கேட்டார்.